சிவப்பு இல்லாத முடிச்சு

மருந்துக் கடையில் புதிதாக நிற்கிற தம்பி தங்கைகளே, உங்களிடம் ஒரு நாளைக்கு எத்தனை பேர் வந்து தலைவலிக்கு ஏதாவது கொடுங்கள் என்று கேட்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் என்ன செய்வீர்கள் என்றும் எனக்குத் தெரியும். அட்டையைக் கத்தரியால் வெட்டி, இரண்டு மாத்திரையை நீட்டிவிட்டு, அடுத்த ஆளைப் பார்ப்பீர்கள். குறை சொல்லவில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். எனக்கு அட்டையும் இல்லை, கத்தரியும் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். என்னிடம் இருந்தது மருந்து அரைக்கிற ஒரு பீங்கான் கல்வம், ஒரு சின்னத் தராசு, ஒரு கட்டு வெள்ளைக் காகிதம்.

நான் திருப்புட்குழிக்காரன். விவசாயக் குடும்பம். சேற்றில் இறங்கச் சோம்பல்பட்டு கம்பவுண்டர் பரீட்சை எழுதி, தினமும் சைக்கிள் மிதித்துச் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு டாக்டரிடம் வேலைக்கு வந்தவன். எழுபதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் வீட்டின் முன்கட்டுதான் கிளினிக். நடுவில் ஒரு மரத் தடுப்பு. அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். தடுப்பில் ஒரு சதுர ஓட்டை. அதன் வழியாக அவர் சீட்டு வரும், வெளியே இன்னொரு ஜன்னல் வழியாக என் மருந்து போகும்.

டாக்டர் ஆசாரமான வைணவர். கெட்டிக்காரர். அவரிடம் இருந்த ஒரே கஷ்டம் ஏகாதசி. மற்ற நாளில் காலையில் இரண்டு டம்ளர் காபி, பதினோரு மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஏகாதசியன்று தண்ணீரைத் தவிர எதுவும் தொண்டையில் இறங்காது. காலை பத்து மணி தாண்டினால் நெற்றிப்பொட்டை இரண்டு விரலால் அழுத்திக்கொண்டு எல்லார் மேலும் எரிந்து விழுவார். விவரம் தெரிந்த நோயாளிகள் பஞ்சாங்கம் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். விரதத்தின் உக்கிரம் அப்படி என்று நான் பயபக்தியோடு நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் பெருமை என் பொட்டலங்கள். தலைவலிக்கு நாங்கள் கொடுத்தது ஏ.பி.சி. பொடி. வலிக்கு இரண்டு சரக்கு, அதோடு காபியில் இருக்கிற அதே காஃபீன் கொஞ்சம். மூன்றையும் நிறுத்து, அரைத்து, காகிதத்தில் பங்கிட்டு மடிப்பேன். என் மடிப்பு ஒன்றுகூடப் பிரியாது. சும்மா இருக்கும் நேரத்திலும் மடித்து டப்பாவில் அடுக்கி வைப்பேன். யாராவது மடிப்பைப் பாராட்டினால் அன்று முழுக்கச் சைக்கிள் தானாக ஓடும். அந்தக் கர்வத்தைப் பற்றித்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

மரகதம் என்று ஒரு பெண். இருபது வயது இருக்கும். ஆரணியில் நெசவாளர் வீட்டில் பிறந்து சின்ன காஞ்சிபுரத்தில் நெசவாளர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமாகி ஆறேழு மாதம். பாவு பிணைப்பதில் தேர்ந்த கை. தறியில் நீளவாக்கில் ஓடுகிற பழைய பாவு முடியும்போது, அதன் ஒவ்வொரு இழையையும் புதுப் பாவின் இழையோடு சேர்த்து முறுக்க வேண்டும். விரலில் சாம்பல் தொட்டுக்கொண்டு, ஆயிரக்கணக்கான இழையை ஒவ்வொன்றாக. குனிந்த தலை நிமிராது. தெருவில் நாலு வீட்டுக்கு இவளைத்தான் கூப்பிடுவார்கள்.

தலையைச் சுற்றி நாடாவை இறுக்கிக் கட்டினாற்போல வலிக்கிறது என்று வந்தாள். டாக்டர் அவசரப்படவில்லை. வாந்தி உண்டா, பார்வை மங்குகிறதா, காய்ச்சல் உண்டா, மோவாய் நெஞ்சைத் தொடும்படி குனிய முடிகிறதா, கை கால் மரத்துப்போகிறதா, வலி திடீரென்று வெடித்தாற்போல் வந்ததா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். அப்புறம் அவள் பிடரியிலும் தோளிலும் அழுத்திப் பார்த்தார். அங்கே தொட்டதும் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தடுப்பு ஓட்டை வழியாக எனக்குச் சொன்னார், தசை இறுகி வருகிற வலிதான், பொடி பத்து நாளைக்கு, அதுவும் தாங்க முடியாதபோது மட்டும், கழுத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று சீட்டில் எழுதியிருக்கிறேன், நீ விளக்கிச் சொல்லு.

சீட்டின் மேல் பாதியில் மருந்து, கீழ் பாதியில் கழுத்து. நான் மேல் பாதியைப் படித்தேன். ஜன்னலில் பதினைந்து பேர் நின்றார்கள். கழுத்தை ஆட்டுவதெல்லாம் மருந்தா என்று ஒரு இளப்பமும் இருந்தது. பத்துப் பொட்டலத்தைக் கொடுத்து, வலித்தால் சாப்பிடும்மா என்று அனுப்பிவிட்டேன்.

பத்து நாளில் மறுபடி வந்தாள். பொடி போட்டால் இரண்டு மணி நேரம் சுகமாக இருக்கிறது, அப்புறம் வருகிறது என்றாள். டாக்டரைப் பார்க்க வரிசை நீளமாக இருந்தது. சுகமாகத்தானே இருக்கிறது என்று நானே இன்னும் இருபது கொடுத்தேன். பிறகு முப்பது. காலையில் எழுந்ததும் ஒன்று, மத்தியானம் ஒன்று, சமயத்தில் இன்னொன்று என்று கணக்குச் சொல்வாள். கேட்டபோதெல்லாம் கொடுத்தேன். நான் அவளுக்கு உபகாரம் செய்வதாகத்தான் மனப்பூர்வமாக நம்பினேன். மாதங்கள் இப்படி ஓடின.

ஒருநாள் அவள் ஜன்னலில் நின்று, அமாவாசையன்று மட்டும் வலி மண்டையைப் பிளக்கிறது என்றாள். போன அமாவாசையும் அப்படியே, அதற்கு முந்தினதும் அப்படியே. அமாவாசை எங்கள் பக்கத்துத் தறிகளுக்கு லீவு. அன்றைக்குப் பாவும் இல்லை, பிணைப்பும் இல்லை. வேலை இல்லாத நாளில் வலி ஏன் கூட வேண்டும்? எனக்குப் புரியவில்லை. என்றைக்கு எவ்வளவு வலி, எத்தனை பொடி என்று ஒரு மாதம் எழுதி வை, டாக்டரிடம் காட்டலாம் என்று சொன்னேன். அது ஒன்றுதான் அந்த விஷயத்தில் நான் உருப்படியாகச் செய்தது.

அவளுக்கு எழுதத் தெரியும். ஆனால் எழுதினால் வீட்டில் படிப்பார்களே என்று தயங்கினாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, நான் பாத்துக்கிறேன் என்று போய்விட்டாள்.

அதற்கப்புறம் அந்த மாதத்து அமாவாசையும் வந்து போனது. அவள் வரவில்லை. அடுத்த அமாவாசைக்கு நாலே நாள் இருக்கும்போது மாமியாரோடு வந்தாள். அன்று ஏகாதசி.

மாமியார் கணவனை இழந்தவர். இரண்டு வருஷமாகத் தறியையும் வீட்டையும் தாங்கி நிறுத்திய மனுஷி. குரல் கொஞ்சம் கனம். மகன் வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான், உள்ளே வரவே இல்லை. அந்த அம்மாள் நேராக டாக்டரிடம் போய் விஷயத்தைப் போட்டு உடைத்தார். மூன்று அமாவாசையாக மருமகள் சுருண்டு விழுகிறாள். அதே நாளில், அதே நேரத்தில். இது சீக்கு இல்லை, பிறந்த வீட்டில் மறைத்துக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள் என்று தெருவே பேசுகிறது. அவள் அப்பாவுக்கு வரச் சொல்லிக் கடிதம் போட்டாகிவிட்டது. வருகிற அமாவாசையும் இப்படி ஆனால் அவரோடு அனுப்பிவிடுவது என்று முடிவு. அதற்கு முன்னால் டாக்டர் வாயால் ஒரு வார்த்தை வேண்டும், உடம்பில் ஒன்றும் இல்லை என்று.

அந்த வார்த்தையின் எடையைக் கவனியுங்கள். நாம் தினமும் ஆறுதலுக்குச் சொல்கிற வார்த்தைதான். அன்றைக்கு அதைச் சொன்னால் மரகதத்துக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட மாதிரி.

மாமியார் உள்ளே பேசிக்கொண்டிருக்கும்போது மரகதம் என் ஜன்னலுக்கு வந்தாள். மடியிலிருந்து ஒரு நூலை எடுத்து மேஜைமேல் வைத்தாள். கழிவுப் பட்டு இழை, முழ நீளத்துக்குமேல் இருக்கும். நெடுகிலும் முடிச்சு. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் விரலால் தடவிக்கொண்டே சொன்னாள். ஒரு முடிச்சு ஒரு நாள். அதில் எத்தனை சிவப்பு இழை தொங்குகிறதோ அத்தனை பொடி. வலி பொறுக்க முடியாமல் போனால் பச்சை.

நூல் முழுக்கச் சிவப்பு, இரண்டிரண்டாக. ஒரே ஒரு முடிச்சில் மட்டும் சிவப்பே இல்லை, பச்சை மட்டும் கொத்தாக இருந்தது. அது எந்த நாள் என்று கேட்டேன்.

"அமாவாசைண்ணா. அன்னிக்கு மாமனாருக்குப் படைச்சு, காக்காய்க்கு வெக்கிற வரைக்கும் எங்க வீட்ல யாரும் பச்சத் தண்ணிகூட பல்லுல படக் கூடாது. காபி இல்ல, பொடி இல்ல. மூணு மணி ஆயிடும். அப்பால எழுந்திருக்கவே முடியாம படுத்துடுவேன்."

நூலை வைத்துக்கொண்டு நான் இன்னொன்றும் எண்ணினேன். கடைசியாக வந்தபோது அந்த மாதத்துக்கென்று நான் மொத்தமாகக் கொடுத்தது தொண்ணூறு பொட்டலம். நூலில் இருந்தது அறுபதுக்குச் சற்றுக் குறைவு. மீதி எங்கே என்று கேட்டேன். பொடி டப்பா சமையலறை மாடத்தில் இருக்கிறது, தனக்குத் தெரியாது என்றாள். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அப்போது தடுப்பு ஓட்டை வழியாக டாக்டரைப் பார்த்தேன். மணி பதினொன்று. நெற்றிப்பொட்டில் இரண்டு விரல். கண்ணை இடுக்கிக்கொண்டு, உடம்புல ஒண்ணும் என்று ஆரம்பித்துவிட்டார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. ஓட்டையில் தலையை விட்டு, சார், இன்னைக்குக் காபி சாப்பிட்டீர்களா என்று கேட்டேன்.

ஏகாதசியன்று அவரிடம் அதைக் கேட்கிற ஆள் அன்றே வேலையை விட்டுப் போகத் தயாராக இருக்க வேண்டும். அவர் எழுந்து வந்த வேகத்துக்கு நான் திருப்புட்குழிக்கு நடந்தே போய்விடலாம் என்று நினைத்தேன். நூலை நீட்டினேன். உங்களுக்கு ஏகாதசி எப்படியோ அந்தப் பெண்ணுக்கு அமாவாசை அப்படி என்று நினைக்கிறேன் சார் என்றேன். நூலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நெற்றியிலிருந்து விரலை எடுத்தார். பழகிய சரக்கு ஒரு வேளை கிடைக்காவிட்டால் தலை கேட்கிற கூலி அது என்பது அவருக்கு ஒரு நிமிஷத்தில் புரிந்துவிட்டது. இன்றைக்கு நீங்கள் இதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறீர்கள். எங்களுக்கு அன்று பெயர் தெரியாது, ஏகாதசி தெரியும்.

அடுத்து அவர் கேட்டது, பத்து நாளைக்கு எழுதின பொடி எப்படி மாதக்கணக்கில் போயிற்று என்பது. சொன்னேன். சீட்டின் கீழ் பாதியைச் சொன்னாயா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"குடுத்தது நீ. அந்த அம்மா வெளில வந்ததும் நீயே சொல்லு. பொடியை இன்னியோட நிறுத்தணும். நிறுத்தினா ஒரு வாரம், பத்து நாள் வலி ஜாஸ்தியாத்தான் இருக்கும். அதையும் சொல்லிடு."

நிறுத்தினால் வலி கூடும். அமாவாசை நாலாம் நாள். அதாவது உண்மையைச் சொல்லி மருந்தை நிறுத்தினாலும் அவள் அன்றைக்குச் சுருண்டு விழுவாள். அவள் அப்பா மூட்டையோடு அழைத்துக்கொண்டு போவார். என் மூளை குறுக்கு வழியில் ஓடியது. ஒரு பொட்டலம் மடித்து மரகதத்திடம் நீட்டினேன். அமாவாசையன்று விடிவதற்கு முன்னால் யாருக்கும் தெரியாமல் போட்டுக்கொள், வலியே வராது, பேயும் இல்லை பிசாசும் இல்லை என்று ஆகிவிடும் என்று கிசுகிசுத்தேன். எனக்கும் யாரிடமும் தப்பை ஒத்துக்கொள்ள வேண்டாம் பாருங்கள். அந்த வசதியும் அதற்குள் இருந்தது.

அவள் வாங்கவில்லை. பொட்டலத்தைப் பார்த்தாள்.

"இந்த அமாவாசைக்கு இது சரிண்ணா. அடுத்த அமாவாசைக்கு? சாவுற வரைக்கும் திருட்டுத்தனமா பொடி தின்னுக்கினே இருக்கணுமா?"

என்னைவிட நாலைந்து வயது சின்னவள். வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் இருக்கிறது.

டாக்டர் அறையிலிருந்து மாமியார் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கேட்க வந்த வார்த்தை கிடைக்கவில்லை என்ற கோபம் முகத்தில் தெரிந்தது. பக்கத்தில் போனேன். அவர் நெற்றியில் திருநீறு என்று நான் தூரத்திலிருந்து நினைத்தது திருநீறு இல்லை. தலைவலிக்குப் போட்டுக் காய்ந்த சுக்குப் பற்று, இரண்டு பொட்டிலும். என் தொண்ணூறில் காணாமல் போன முப்பதும் எங்கே என்று எனக்கு அப்போது தெரிந்துவிட்டது.

இங்கேதான் கொஞ்சம் நில்லுங்கள். கையில் ஒரு ஆதாரம் கிடைத்தவுடன் நமக்கு ஒரு குஷி வரும். மருமகள் டப்பாவில் எடுத்துத் தின்றுவிட்டு அவளையே பேய் என்கிறாயா என்று நாலு பேர் நடுவில் கேட்டிருக்கலாம். பெஞ்சில் ஆறு பேர் இருந்தார்கள். கேட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன், மரகதம் அந்த வீட்டில் ஒரு நாள் தங்கியிருக்க முடியாது. கொஞ்சம் மருந்து ரூமுக்கு வாங்கம்மா என்று உள்ளே அழைத்துக்கொண்டு போனேன்.

முதலில் என் தப்பைச் சொன்னேன். டாக்டர் எழுதியது பத்து, நான் கொடுத்தது இத்தனை, இது தினமும் தின்றால் தலையே அதைக் கேட்டு அழும், ஒரு வேளை தவறினால் மண்டை பிளக்கும், உங்கள் மருமகளுக்கு வந்தது அதுதான் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. தலைவலிக்குக் கொடுக்கிற மருந்தே தலைவலியைக் கொடுக்குமா, உன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளக் கதை விடுகிறாயா என்றார். நியாயமான கேள்வி. என் வேலையைக் கெடுத்துக்கொள்ளத்தான் அந்தக் கதை என்பது அவருக்குத் தெரியாது.

குரலை இறக்கிக்கொண்டு கேட்டேன், அமாவாசையன்று மத்தியானத்தில் உங்களுக்கும் தலை வலிக்கிறதா என்று. அவர் கை தானாக நெற்றிப் பற்றுக்குப் போனது.

"வலிக்குது. அதுக்கு இன்னா, எனக்குமா பேய் புடிச்சிருக்குது?"

"இல்லம்மா. உங்களுக்கும் இல்ல."

அவ்வளவுதான் நான் சொன்னது. முப்பது பொட்டலத்தைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, நிறுத்தினால் எத்தனை நாள் வலிக்கும் என்று கேட்டார். தனக்கும் சேர்த்துக் கேட்பதாக அவர் சொல்லவில்லை. எனக்குத்தான் தெரியுமே. டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன், முதல் நாலைந்து நாள் மோசமாக இருக்கும், அப்புறம் இறங்கும். சீட்டின் கீழ் பாதியையும் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் படித்துச் சொன்னேன். ஒரு கை அகலம் பிணைத்ததும் எழுந்து நிற்க வேண்டும். தோளைக் காது வரைக்கும் தூக்கித் தளர்த்த வேண்டும். இழை முறுக்கும்போது பல்லைக் கடிக்கக் கூடாது. உட்காரும் பலகையை உயர்த்தி, குனிவதைக் குறைக்க வேண்டும். சூடாக்கிய உப்பைத் துணியில் கட்டிப் பிடரிக்கு ஒத்தடம், வேளாவேளைக்குச் சாப்பாடு, தூக்கம். இளப்பமாக நினைத்த அந்தக் கீழ் பாதிதான் மருந்து என்று எனக்குப் படிக்கும்போதே உறைத்தது.

வெளியே வந்து அந்த அம்மாள் வாசலில் நின்ற மகனைக் கூப்பிட்டார்.

"அவங்க அப்பாவுக்கு இன்னொரு கடிதாசி போடு. அமாவாசைக்கு வரட்டும். சாப்ட்டுட்டு போவட்டும். பொண்ண இட்டுக்கினு போவ வேணாம்."

மரகதம் தூணோரமாக நின்றிருந்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு தராசைத் துடைத்தேன். ஜன்னலில் மருந்துக்கு நின்ற ஆள், இருமல் மருந்தைச் சீக்கிரம் கொடுப்பா என்று சொல்லி என்னைக் காப்பாற்றினார்.

அந்த அமாவாசையைப் பற்றி எனக்கு அப்புறம் மரகதம் சொன்னாள். மாமியாரும் மருமகளும் பக்கத்துப் பக்கத்தில் தலையில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டார்களாம். வந்திருந்த மரகதத்தின் அப்பா உப்பு வறுத்து ஒத்தடம் கட்டிக் கொடுத்தாராம். சமையல் முழுக்க அவள் கணவன் கையால். அவன் வைத்த சாம்பாரைக் கண்டு காக்கை வெகுநேரம் யோசித்ததாம். அக்கம்பக்கத்துப் பெண்கள் எட்டிப் பார்த்தபோது மாமியார் கண்ணைத் திறக்காமலே, டாக்டர் மருந்தை நிறுத்தச் சொல்லியிருக்கிறார், எங்கள் இருவருக்கும் தலைவலி, போய் வேலையைப் பாருங்கள் என்று சொன்னாராம். தெருவின் வாயை ஒரே வார்த்தையில் அடைத்த பெருமை அந்த 'இருவருக்கும்' என்ற சொல்லுக்குத்தான்.

என் வேலை போகவில்லை. ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் டாக்டர் என் பொட்டல டப்பாவை எடுத்துத் தன் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். ஒரு வருஷத்துக்கு ஒவ்வொரு பொட்டலத்துக்கும் அவரிடம் போய் நிற்க வேண்டியிருந்தது. நல்ல தண்டனை. அந்தப் பொடியில் இருந்த ஒரு சரக்கு சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று பிற்காலத்தில் அதையே விலக்கிவிட்டார்கள். அந்தச் செய்தி வந்த அன்று நான் மனதுக்குள் தொண்ணூறையும் திரும்ப எண்ணிப் பார்த்தேன். டாக்டரும் ஏகாதசிக்கு முந்தின நாலைந்து நாளில் காபியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கப் பழகிக்கொண்டார். பஞ்சாங்கம் பார்க்காமலே நோயாளிகள் வர ஆரம்பித்தார்கள்.

உங்களுக்கு இதிலிருந்து நான் சொல்ல விரும்புவது கொஞ்சம்தான். தலைவலி என்று வருகிறவரிடம் முதலில் டாக்டர் கேட்ட அந்த வரிசைக் கேள்விகளைக் கேளுங்கள். திடீர் வலி, காய்ச்சலோடு கழுத்து இறுக்கம், பார்வைக் குறை, மரத்துப்போவது, அடிபட்டபின் வலி என்றால் மாத்திரையே வேண்டாம், ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். மற்றவரிடம் வாரத்தில் எத்தனை நாள் மாத்திரை போடுகிறீர்கள் என்று கேளுங்கள். இரண்டு நாளைத் தாண்டினால் அட்டையை வெட்டாமல் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். கடை முதலாளி முறைப்பார். முறைக்கட்டும்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் காலை, ஜன்னலில் ஒரு கை வந்தது. வளையல் இல்லாத கை. அதில் ஒரு பட்டு நூல். மரகதத்தின் மாமியார். மருமகளிடம் கேட்டுத் தனக்கும் ஒன்று போட்டுக்கொண்டிருக்கிறார். நூல் நெடுகிலும் முடிச்சு, எதிலும் சிவப்பு இல்லை. நன்றாயிருக்கிறதம்மா என்று சொல்லித் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

"எண்ணு, கம்பவுண்டரு. பொடியத்தான் எண்ணாம குடுத்த, இந்த வாட்டியாச்சும் எண்ணிப் பாரு."